வாசலுக்கு வெளியே நில்

அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம். “எளியவர்மேல் இரக்கம்” என்று போதகர் ஐயா தலைப்புக் கொடுத்திருக்கிறார். அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை வரும் என்று காத்திருப்பீர்கள். அதை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் ஒரு போர்வையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வேதாகமத்தில் உபாகமம் 24-ஆம் அதிகாரம், 10-ஆம் வசனத்திலிருந்து பாருங்கள். கடன் கொடுத்தவன் அடகு வாங்க வருகிறான். அவனுக்குச் சட்டம் சொல்வது: வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், கடன் வாங்கியவனே அடகைக் கொண்டுவந்து தரட்டும். கடன் கொடுத்தவனை வீட்டுக்குள் விட்டால் என்ன ஆகும் என்பது கடன்பட்டவர்களுக்குத் தெரியும். அவன் கண் கொடியில் கிடக்கும் துணிக்குப் போகும், மூலையில் இருக்கும் பானைக்குப் போகும், மூடியைத் திறந்து அரிசி இருக்கிறதா என்றும் பார்க்கும். அந்தப் பார்வையை மோசேயின் சட்டம் வாசற்படியிலேயே நிறுத்திவிடுகிறது. எதை அடகாகக் கொடுப்பது என்று தீர்மானிப்பவன் உள்ளே இருக்கும் ஏழை. பணம் வைத்திருப்பவன் தெருவில் நின்று காத்திருக்கிறான்.

அதே அதிகாரம் 6-ஆம் வசனம், திரிகைக் கல்லை அடகு வாங்காதே என்கிறது. அடிக்கல் மட்டுமல்ல, மேற்கல்லும் கூடாது. ஒரு கல் போனாலும் அன்றைக்கு மாவு இல்லை.

இனி போர்வை. அந்த நாட்டு ஏழைக்குப் பகலில் மேலாடை, இரவில் போர்வை, இரண்டும் ஒரே துணிதான். எருசலேம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிர்காலத்தில் சில வருடம் பனிகூட விழும். அடகு வாங்கிய அந்தத் துணியைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு என்கிறது யாத்திராகமம் 22. தினமும் சாயங்காலம் திருப்பித் தரவேண்டிய பொருளை எந்த வட்டிக்கடைக்காரர் அடகாக ஏற்பார்? வியாபாரமாகப் பார்த்தால் படு நஷ்டம். ஆண்டவர் அதைக் கணக்குப் பார்க்கவில்லை. “வேறு எதைப் போர்த்திப் படுப்பான்?” என்று கேட்கிறார். விதவையின் துணியையோ அடகாக வாங்கவே கூடாது.

சட்டம் ஏட்டில் இருந்தது, நாட்டில் இருந்ததா? 1960-இல் இஸ்ரவேலின் கடற்கரையில், யாவ்னேக்குப் பக்கத்தில், ஒரு பழைய கோட்டையின் இடிபாட்டில் எழுத்துள்ள பானை ஓடு ஒன்று கிடைத்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மையால் எழுதிய எபிரெயம். அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்கு அனுப்பிய முறையீடு அது. அறுத்தேன், முடித்தேன், களஞ்சியத்தில் சேர்த்தும்விட்டேன், அதன்பிறகும் ஒசாயா என்பவன் வந்து என் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்கிறான். கொளுத்தும் வெயிலில் என்னோடு அறுத்தவர்கள் எல்லாரும் எனக்குச் சாட்சி சொல்வார்கள் என்கிறான். அவன் பெயர் அந்த ஓட்டில் இல்லை. பறித்தவன் பெயர் இருக்கிறது. துணி திரும்பக் கிடைத்ததா என்பதும் அதில் இல்லை.

அதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே தெக்கோவா ஊர் மேய்ப்பனான ஆமோஸ் தீர்க்கதரிசி இதைக் கண்டு கொதித்திருக்கிறான். அடகு வாங்கிய துணிகளை விரித்துப் பலிபீடங்களின் அருகே படுத்துக்கொள்கிறார்கள் என்று தன் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் சொல்கிறான். யாரோ ஒருவன் குளிரில் கிடக்க, அவன் போர்வைமேல் சாய்ந்தபடி ஆராதனை நடக்கிறது.

“வஸ்திரமில்லாதிருந்தேன், எனக்கு வஸ்திரங்கொடுத்தீர்கள்” என்று இயேசு சொன்ன வசனம் நம் எல்லாருக்கும் மனப்பாடம். அதை நம்பித்தான் சில வருடங்களுக்கு முன் கிறிஸ்துமஸ் சமயத்தில் நானும் சேலை கொடுக்கப் போனேன். பெயரைக் கூப்பிட்டோம், வரிசையில் நிறுத்தினோம். வயதான அம்மா ஒருவர் சேலையை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பினார். போட்டோ சரியாக விழவில்லை என்று குரல் வந்தது. நான்தான் அவரைக் கூப்பிட்டேன். சேலையை அவரிடமிருந்து திரும்ப வாங்கினேன், கேமராவைப் பார்த்தேன், மறுபடியும் கொடுத்தேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் கையை நீட்டினார். அந்தப் படம் அந்த வருட மலரில் வந்திருக்கிறது. சேலையின் ஒரு முனை இன்னும் என் கையில்தான் இருக்கிறது.