வட்டக்கோட்டையைக் கடைசியில் வையுங்கள்

நீலகிரியின் அருவங்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, அப்பா வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கன்னியாகுமரிப் பக்கம் வட்டக்கோட்டைக்குக் கூட்டிப் போகிறேன். டச்சுக்காரர்களோடு போர் நடந்தது அங்கேதானா? முழங்கால் வலியோடு அவரால் ஏற முடியுமா?”

இல்லை தம்பி, திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை வென்ற அந்தப் போர் நடந்தது குளச்சல் கடற்கரையில், 1741 ஆகஸ்டில். வட்டக்கோட்டையை இன்று நாம் பார்க்கிற மாதிரி கல்லால் எடுத்துக் கட்டியது அதற்குப் பிறகு. கட்டியவர் யார் தெரியுமா? குளச்சலில் தோற்றுச் சரணடைந்த அதே டச்சுக் கப்பித்தான், டிலனாய். அதனால் முதலில் குளச்சலுக்குப் போங்கள்.

அங்கே கோட்டை எதுவும் இல்லை. ஒரு வெற்றித்தூண், உச்சியில் திருவிதாங்கூரின் சங்கு, அவ்வளவுதான். படம் எடுத்ததும் கிளம்பிவிடாமல் கரைக்கு இறங்கிக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பனந்தடிகளை மாட்டு வண்டியில் ஏற்றி, தூரத்திலிருந்து பார்த்தால் பீரங்கி வரிசை போலத் தெரியும்படி நிறுத்தினார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. மார்த்தாண்ட வர்மாவின் அந்தத் திருவிதாங்கூர்ப் படையின் வழியில் வந்ததுதான் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9-ஆவது பட்டாலியன். குளச்சல் என்று சொன்னாலே அப்பா நிமிர்ந்து உட்காருவார், பாருங்கள்.

அப்புறம் தக்கலை பக்கம் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. வனத்துறையின் பூங்கா அதற்குள்தான் இருக்கிறது. குழந்தைகள் மான் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் கூரையில்லாத அந்தச் சின்னத் தேவாலயத்துக்குப் போங்கள். டிலனாயின் கல்லறை அங்கேதான். சரணடைந்த அவரை மகாராஜா கொல்லவில்லை. தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். ஜனங்கள் அவரை வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன், என்றார்கள். 1777-இல் இறந்த அவருடைய கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. பக்கத்திலேயே மகனின் கல்லறை. களக்காட்டுச் சண்டையில் 1765-இல் செத்துப்போன பையன், வயது 19. அப்பா தோற்றது திருவிதாங்கூரிடம், மகன் உயிரை விட்டதோ திருவிதாங்கூருக்காக. அந்தக் கல்லுக்கு முன்னால் எனக்குப் பேச்சே வரவில்லை.

பத்மநாபபுரம் அரண்மனை அங்கிருந்து கிட்டத்தில்தான். திங்கட்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துத் தேதி வைத்துக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து நாகர்கோவிலுக்கு ராத்திரி ரயில் இருப்பதால் இரண்டு நாள் போதும். நம் ஊர்க் குளிருக்குப் பழகிய உடம்புக்கு அந்த வெயில் ஆகாது; மத்தியானம் அறையில் இருந்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வட்டக்கோட்டைக்குப் போங்கள்.

முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். பீரங்கி ஏற்றுவதற்காகவே மதிலுக்கு அகலமான சரிவு போட்டிருக்கிறார்கள், கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிவிடலாம். மேலே போனதும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகள். அப்பாவை அந்தப் பக்கம் பார்த்து உட்கார வையுங்கள்.