அந்த அரை மணி நேரத்தை யார் தருவது?

நடுவர் அவர்களே, வணக்கம். பிரசவத்துக்குப் பின் எடை குறைவது பெரிதும் தாயின் மன உறுதியாலா, வீட்டாரின் ஒத்துழைப்பாலா? ஒத்துழைப்பால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "நாளுக்கு 24 மணி நேரம் இருக்கிறதே, அதில் அரை மணி நேரம் உனக்காக ஒதுக்க முடியாதா?" என்று கேட்டார். பலத்த கைதட்டல். தட்டியவர்களில் ஒருவர் கையிலும் குழந்தை இல்லை. இருந்திருந்தால் எப்படித் தட்டுவது?

அந்த அரை மணி நேரம் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். எனக்கு மூன்று வயதில் மகன், எட்டு மாதத்தில் மகள். ஒருநாள் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, பூனை போல நடந்து, வாசலில் உட்கார்ந்து ஷூ போட்டேன். ஒரு காலுக்கு நாடா கட்டியாயிற்று. மறு காலை நுழைக்கும்போது உள்ளே சிணுங்கல். ஒற்றை ஷூவோடு போய்ப் பால் கொடுத்தேன். அவள் தூங்கியதும் மெல்ல எழுந்தால், எதிரே கண்ணைக் கசக்கிக்கொண்டு மகன். "அம்மா, எங்க போற?" மன உறுதி இருந்தது நடுவரே, மாற்றிவிட ஆள்தான் இல்லை. சமையலறையில் வேலை பாதி முடிந்த பிறகுதான் காலில் இன்னும் அந்த ஒற்றை ஷூ இருப்பதைக் கவனித்தேன்.

சரி, கணக்குக்கு வருவோம். கர்ப்பத்துக்கு முன் சரியான எடையில் இருந்த பெண்ணுக்கு 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம் என்பது மருத்துவ அளவு. குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் என்று பிரசவத்தோடு ஐந்தாறு கிலோ போய்விடும். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஆறு வாரம் பிடிக்கும். மிச்சத்தில் பெரும்பங்கு, பால் சுரக்க உடம்பு சேர்த்துவைத்த கொழுப்பு.

பாலூட்ட நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் செலவாகும். "அப்படியானால் தானாகவே இளைக்குமே" என்று எதிரணி துள்ள வேண்டாம். சிலருக்கு இளைக்கும். பலருக்கு அந்த 500-ஐ வயிறு கேட்டு வாங்கிக்கொள்ளும். பிறந்த குழந்தை நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும், ராத்திரியிலும்தான். தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறும், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும். தூக்கத்தைக் கெடுப்பது குழந்தை, பழி மட்டும் அம்மாவின் நாக்குக்கு! பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைக்க இன்னொருவர் எழுந்தால், அந்த ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு எந்த டயட் சார்ட்டும் ஈடாகாது.

வைராக்கியம் சில சமயம் கெடுதலும் செய்யும். வயிற்றுத் தசை நடுவில் விலகியிருப்பது தெரியாமல் சிட்-அப் போடுகிறவர்கள் உண்டு. பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தைராய்டு கோளாறு வரும். அதைச் சோம்பல் என்று திட்டிக்கொண்டே இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு எப்போது போவது?

ஒத்துழைப்பு என்றால், "நான் பார்த்துக்கிறேன், நீ போ" என்று சொல்லிவிட்டு, தெருமுனை தாண்டுவதற்குள் போன் போட்டு "டயப்பர் எங்கே இருக்கு?" என்று கேட்பதல்ல.

நான் இந்த மேடையில் ஐந்து நிமிடம் பேசுவதற்காக என் கணவர் வெளியே மகளைத் தூக்கிக்கொண்டு உலாத்துகிறார். இன்றைய நடைப்பயிற்சி அவர் கணக்கில்தான். அதோ, அழுகை கேட்கிறது. நீங்கள் மணியடிக்க வேண்டாம் நடுவரே, அவளே அடித்துவிட்டாள்.