8.3ல ஒரு உயிர் கூட போகல, 6.2ல 185 பேர் போயிட்டாங்க, எப்படி?

வணக்கம் மக்களே. 2011 பிப்ரவரில நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்ல வந்த நிலநடுக்கம் 6.2, அதுல 185 பேர் செத்துப்போனாங்க. 2013 மே மாசம் ரஷ்யா பக்கம் ஒக்கோட்ஸ்க் கடலுக்கு அடில வந்தது 8.3, ஆட்டம் மாஸ்கோ வரைக்கும் தெரிஞ்சுது, ஆனா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.

நியூஸ்ல வர்ற அந்த நம்பர் மேக்னிட்யூட், அதாவது நிலநடுக்கம் எவ்ளோ பெருசுங்கறது. 1935ல சார்லஸ் ரிக்டர் இதுக்கு கணக்கு போட்டப்போ, 100 கிலோமீட்டர் தள்ளி, நில ஆட்டத்த கோடா வரையற கருவில கோடு 1 மில்லிமீட்டர் துள்ளுனா அது 3, 10 மில்லிமீட்டர் துள்ளுனா 4ன்னு வெச்சார். அதாவது ஒரு நம்பர் ஏறுனா கோடு 10 மடங்கு ஏறும், ஆனா வெளிய வர்ற சக்தி 32 மடங்கு கிட்ட ஏறும், ரெண்டு நம்பர் ஏறுனா 1000 மடங்குங்க! ரொம்ப பெரிய நிலநடுக்கத்துக்கு இந்த கணக்கு சரியா வரல, ஒரு அளவுக்கு மேல நம்பர் ஏறவே மாட்டேங்குது. அதனால 1979ல வேற முறை வந்துச்சு, பாறை எவ்ளோ பரப்புக்கு பிளந்துச்சு, எவ்ளோ தூரம் நகர்ந்துச்சு, எவ்ளோ உறுதியான பாறைன்னு பாத்து கணக்கு போடுவாங்க. நியூஸ்ல மட்டும் இன்னும் ரிக்டர்னே சொல்லிட்டு இருக்காங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது மெர்கல்லி அளவு, இதுக்கு கருவியே வேணாம். அலமாரில பாத்திரம் கடகடன்னு ஆடுச்சா, ஜன்னல் அதிர்ந்துச்சா, அப்போ அந்த இடத்துல 4. கனமான மேஜையே நகர்ந்து, சுவர் பூச்சு உதிர்ந்து, எல்லாருக்கும் ஆட்டம் தெரிஞ்சு, நிறைய பேர் பயந்துட்டாங்கன்னா 6. 12னா மொத்தமும் போச்சு. மேக்னிட்யூட் ஒரு நிலநடுக்கத்துக்கு ஒண்ணுதான், இது ஊருக்கு ஊர் மாறும், அங்க இருந்த மனுசங்க என்ன பட்டாங்கன்னு அவங்க வாயாலயே கேட்டு எழுதற கணக்கு இது.

இப்போ அந்த ரெண்டையும் பாருங்க, ஒக்கோட்ஸ்க்ல பிளந்தது சுமார் 600 கிலோமீட்டர் ஆழத்துல, அங்கருந்து மேல வர்றதுக்குள்ள ஆட்டம் தளர்ந்துருச்சு. கிறைஸ்ட்சர்ச்ல வெறும் 5 கிலோமீட்டர், அதுவும் நகரத்துக்கு பக்கத்துலயே.

தூரமா இருந்தா தப்பிச்சோம்னும் சொல்ல முடியாது. 1985ல மெக்சிகோ சிட்டி, நிலநடுக்கம் வந்த இடம் 350 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி, ஆனா நகரத்துல பெரும்பகுதி பழைய ஏரிப்படுகை மேல இருக்கு, அந்த கொழகொழ மண்ணு அலைய பெருசாக்கி ஆட்டுன ஆட்டத்துல, நடுத்தர உயர கட்டடமா பாத்து அதிகமா சரிஞ்சுச்சு, ஏன்னா மண்ணு ஆடுன தாளமும் அந்த உயர கட்டடம் ஆடுற தாளமும் ஒண்ணா போச்சு.