கல்லில் இல்லாத ஆச்சி

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். மூத்தோரின் வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகளிடம் கொண்டுசேர்ப்பது கவிதையா, வாய்மொழிப் பதிவா என்பது இன்றைய வழக்கு. நான் வாய்மொழிப் பதிவின் பக்கம்.

எதிரணித் தலைவர், திருகோணமலைப் பிரட்றிக் கோட்டை வாசலில் பாட்டு வெட்டிய கல்லையே தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல பாரம், களைத்திருப்பார். 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்கும் பாட்டு, போர்த்துக்கேயப் பறங்கியர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய பிறகும் நிற்கிறதே என்றார். சரி, நிற்கிறது. ஆனால் கல்லில் எழுத்துத் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. மீதியை ஊர் வாயால்தான் நிரப்பிக்கொள்கிறோம். அதிலும் யார் இருக்கிறார்? திருப்பணி செய்த அரசன் இருக்கிறான், இடித்த பறங்கி இருக்கிறான். அன்று உலையை இறக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண் ஒருத்தி இருந்திருப்பாளே, அவளைக் காணோம்.

கவிஞர் ஆச்சியிடம் அரை மணித்தியாலம் கதைப்பார். வீட்டுக்கு வந்து 'கண்ணீர்க் கடல்' என்று எழுதுவார். அந்தக் கடலில் எந்த ஊர் ஆச்சியும் குளிக்கலாம்! 2006இல் போருக்குப் பயந்து சம்பூரிலிருந்து வெளிக்கிட்ட ஆச்சிக்கு, கட்டிவிட்டு வந்த மாடுதான் நெஞ்சில் நிற்கும். அதன் பெயரைச் சொல்வார், பால் எவ்வளவு கறந்தது என்பார், இடையில் மகனைத் திட்டுவார். எதுகைக்கு அடங்காது என்று கவிஞர் வெட்டிவிடுவது இதைத்தான்.

கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டும் கவிதைதானே என்று கேட்டார்கள். கவிதைதான். அச்சில் போட்டுப் பாருங்கள், 'ஏலேலோ' மட்டும் கிடக்கும். எந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக் கயிற்றை இழுக்கிறார்கள் என்பது குரலில் இருக்கிறது. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் உம்மம்மாமார் வாய்க்குள் வைத்திருக்கும் கவிகளும் அப்படியே. அவற்றை எங்கள் அணிக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் மாற்றி மாற்றிச் சொல்வார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. சொல்வார்கள்தான். ஆனால் ஆண்டை மறந்தவரும் 'புயலடித்த வருசம்' என்பார். அது 1964 டிசம்பர் என்று நாம் பிடித்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டாரிடமும் கேட்கலாம், அடுத்த மாதம் அவரிடமே திரும்பக் கேட்கலாம். கவிதையிடம் குறுக்குக் கேள்வி கேட்க முடியுமா?

ஒலிநாடா பூஞ்சணம் பிடிக்கும், தொலைபேசி தொலையும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தாளும் எரியும், 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் பார்த்தோம். பிரதி எடுத்து நாலு இடத்தில் வைக்க வேண்டும். இணையத்தில் 'நூலகம்' என்ற நிறுவனத்தார் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைக்கிறார்கள். பதிவு இருந்தால் நாளைக்கும் அதைக் கேட்டுக் கவிதை எழுதலாம். கவிதையிலிருந்து ஆச்சியின் பேச்சைத் திரும்ப எடுக்க முடியாது.

1942 ஏப்ரல் 9, காலை. ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன. எத்தனை விமானம் என்பதை இராணுவக் குறிப்புகள் சொல்லும். ஊர்ச்சனம் எந்தப் பக்கம் ஓடியது, யார் வீட்டில் சோறு கிடைத்தது, யார் கதவைச் சாத்தினார்கள் என்பதை அன்று எட்டு வயதாக இருந்தவர்தான் சொல்ல வேண்டும். அவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. எதிரணிக் கவிஞர்கள் ஆறுதலாக எழுதலாம். எங்களுக்கு அவசரம், நடுவர் அவர்களே; தீர்ப்பைக் கொஞ்சம் சுறுக்காகத் தாருங்கள்.