பத்து மணிக்கு உறங்குகிறவன்

வணக்கம் உறவுகளே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் அமர்ந்து பேசுகிறேன். உள்ளே என் தம்பி உறங்குவதால் குரலைத் தாழ்த்தியிருக்கிறேன். இப்போது காலை மணி 10. சற்று முன் இவ்வழியே சென்ற பக்கத்து வீட்டு மாமா, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்காது, நாங்களெல்லாம் இந்நேரம் ரப்பர் தோட்டத்தில் ஒரு நிரை மரங்களைச் சீவி முடித்துப் பால் எடுக்கப் போயிருப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று மாலை 7 மணிக்குத் தொழிற்சாலைக்குள் நுழைந்த தம்பி, இன்று காலை 7 மணிக்குத்தான் வெளியே வந்தான். விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்த மாமாவின் கண்ணில், விடிய விடிய நின்றவனின் உழைப்பு படவில்லை.

இளையவர்கள் தோட்ட வேலைக்குப் பயந்து ஓடிவிட்டார்கள் என்பதும் நியாயமான பேச்சன்று. பால்மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்ட பிறகு, அதே நிலத்துக்கு முன்பிருந்த அளவு ஆள் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட இடங்களிலும் குத்தகைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம் வந்தார்கள்.

ஆனால், இளையவர்கள் பக்கமும் தவறு இருக்கிறது. அதை நானே செய்திருக்கிறேன். பதினேழு வயதில் என் பாட்டியிடம், "நீங்களெல்லாம் தோட்டத் துரைக்குக் கைகட்டி நின்றே காலத்தைக் கழித்துவிட்டீர்கள்" என்று சொன்னேன். பாட்டி கோபப்படவில்லை. "வேலையை விட்டால் அன்றைக்கே தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும், ஐந்து பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பேன்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது. 1950களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, எத்தனையோ குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. அதற்கு மாற்றாக 1960இல் நம் ஊரைச் சேர்ந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கள்ளுக்கடையில் சம்பளத்தைத் தொலைத்தவர்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் அந்தத் தொழிலாளர்கள்தாம், தினக்கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து கொடுத்துத் தோட்டங்களையே வாங்கினார்கள்.

பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. பால் நிறுக்கும்போது தோட்டத்துக் கணக்கரான கிராணி சொல்லும் எடையைத் தினமும் சமையற்கட்டுச் சுவரில் கரிக்கோடுகளாகப் போட்டு வைத்து, சம்பள நாளில் அதை மனத்துக்குள் கூட்டிக்கொண்டு போவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

போன மாதம் தம்பியின் சம்பளச் சீட்டை நான் வாசித்தேன். பாட்டி விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார். மிகைநேர வேலைக் கணக்கு வந்தபோது நிறுத்தச் சொல்லி, எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு வந்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவன் வரும்வரை அவர் உறங்குவதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கணக்கில் நான்கு மணி நேரம் குறைந்திருந்தது. தம்பி மறுநாளே போய்க் கேட்டான். இந்த மாதச் சீட்டில் அது சேர்ந்து வந்திருக்கிறது.