இரத்தம் வருகிற இடத்தில்தான் தீட்ட வேணும்

(திருகோணமலையில் ஒரு சனசமூக நிலையத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோரே, தாய்மாரே, வணக்கம்.

பல்வலி என்றால் எங்கட சனம் விடியவே ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும். முரசு (பல் ஈறு) வருத்தத்துக்கு அப்படி ஒருவரும் வருவதில்லை. அது பெரும்பாலும் வலிக்காது. பல் ஆடத் தொடங்கும் முன்னர் அது காட்டுகிற முக்கியமான அடையாளம், துப்புகிற நுரையில் சிவப்பு. அதைக் கண்டவுடன் என்ன செய்கிறோம்? பிரஷ் பட்டுக் காயம் என்று நினைத்து, அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தைத் தீட்டுகிறோம். நோய்க்கு இதைவிட நல்ல உபகாரம் வேறு இல்லை.

கடலில் கிடக்கிற வள்ளத்தின் அடியில் பாசி பிடிப்பது மாதிரி, பல்லும் முரசும் சேருகிற விளிம்பில் கிருமிகள் படையாகப் படிகின்றன. விட்டுவைத்தால் உமிழ்நீரில் உள்ள கல்சியம் சேர்ந்து அது பற்காரையாக இறுகும். பிறகு பிரஷுக்கு அது அசையாது. 1965இல் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும், ஆரோக்கியமான முரசுள்ள 12 பேரைப் பல் தீட்டாமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று கிழமைக்குள் எல்லாருக்கும் முரசு அழற்சி. திரும்பத் தீட்டத் தொடங்க, ஒரு கிழமையளவில் மாறிவிட்டது. இந்தக் கட்டத்தில் பிடித்தால் முழுதாகச் சுகமாகும். விட்டுவைத்துப் பல்லைத் தாங்குகிற எலும்பு கரைந்த பிறகு, கரைந்தது பெரும்பாலும் திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம்.

அதே லோ 1970இல் எங்கட மலையகத்துக்கு வந்தார். பிரஷே பாவிக்காத தோட்டத் தொழிலாளர் 480 ஆண்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வெகு வேகம், 81 பேருக்கு நடுத்தரம், 11 பேருக்கு முரசு அழற்சியோடு நின்றுவிட்டது. "எங்கட அப்பப்பா வேப்பங்குச்சியும் தொடவில்லை, சாகும்வரை பல் இருந்தது" என்பவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான். அப்பப்பா அந்த 11இல் ஒருவராக இருக்கலாம். நீங்கள் எதில் என்று யாருக்குத் தெரியும்?

"கிளீன் பண்ணினால் பல் ஆடும்" என்று ஒரு பயம் ஊரெல்லாம் இருக்கிறது. ஆடுகிற பல்லைப் பற்காரை பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்தவுடன் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியவரும். பழி மட்டும் டொக்டருக்கு!

வெற்றிலை போடுகிற அம்மாமார் கோபிக்க வேண்டாம். பாக்கு வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியான விடயம். புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். சிகரெட் பிடிக்கிறவருக்கு வேறொரு ஏமாற்று: புகை முரசின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் இரத்தம் அவ்வளவாக வராது. சுகம் என்று நினைத்திருப்பார், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும்.

சீனி வருத்தமும் முரசும் ஒன்றையொன்று கெடுக்கும். சீனி ஏறினால் முரசு பழுதாகும். முரசு பழுதானால் சீனியைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். கர்ப்பிணிகளுக்கும் ஹோர்மோன் மாற்றத்தால் முரசு சுலபமாக வீங்கும். அந்த நேரத்தில் தீட்டுவதை விடவே கூடாது.

தீட்டுகிற முறைக்கு வருகிறேன். மென்மையான பிரஷ். அதன் தும்புகளை முரசு விளிம்பை நோக்கிச் சரித்துப் பிடித்து, அந்த இடத்திலேயே மெல்ல மெல்ல அசையுங்கோ. இப்படி இரண்டு நிமிடம், காலையும் இரவும். இரவை விடாதேங்கோ, நித்திரையில் உமிழ்நீர் குறைவு. கரியும் மணலும் பல்லைத் தேய்க்கும், வேண்டாம். பல்லிடுக்குக்குப் பிரஷ் எட்டாது. அங்கே பல் நூலோ சின்ன இடுக்குப் பிரஷோ வேணும்.

இரத்தம் வருகிற இடத்தையும் இப்படியே தீட்டுங்கோ. முதல் சில நாள் சிவப்பு வரும், பயப்படாதேங்கோ. இரண்டு கிழமை ஒழுங்காகத் தீட்டியும் நிற்கவில்லை என்றால் உள்ளே பற்காரை இருக்கக்கூடும். அரச ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குப் போங்கோ, காசில்லை. சீனி, பிரஷர் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கோ. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவர்கள் கதிரையில் இருக்கும் முன்னரே அதைச் சொல்லிவிடுங்கோ.