திருப்புளியை எடுப்பதற்கு முன்னால்

வணக்கம். தண்டையார்பேட்டையில் டீசல் பம்பு பட்டறை வைத்திருக்கிறேன், லாரி இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்புகிற பம்பைப் பழுது பார்ப்பது என் வேலை. இருபத்தாறு வருஷமாகக் கையில் டீசல் வாடைதான், எந்த சோப்பு போட்டாலும் போவதில்லை, இந்த ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் ஒருவர் லேசாக மூக்கைச் சுளித்ததைப் பார்த்தேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் ஓட்டுநர்கள், இப்போது வண்டிக்குள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

"அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது, பம்புல கொஞ்சம் ஏத்தி வைங்க." வாரத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஏற்றி வைப்பது என்றால் சீல் கம்பியை அறுத்து, லாக் நட்டைத் தளர்த்தி, பம்பு அதிகபட்சம் எவ்வளவு டீசல் தரலாம் என்று கட்டுப்படுத்தும் ஃபுல் லோடு ஸ்க்ரூவை உள்ளே திருகுவது. ஐந்து நிமிட வேலை. செய்து கொடுத்தால் ஓட்டுநருக்கும் சந்தோஷம், எனக்கும் காசு. ஆனால் அந்த ஐந்து நிமிட வேலையை இப்போதெல்லாம் கடைசியாகத்தான் செய்கிறேன், முக்கால்வாசி வண்டிகளுக்குச் செய்வதே இல்லை.

விஷயம் இதுதான். ஒரு கிலோ டீசல் எரிந்து தீர கிட்டத்தட்ட பதினான்கரை கிலோ காற்று வேண்டும். அது கணக்குக்கு. சிலிண்டருக்குள் இரண்டும் முழுசாகக் கலக்க நேரம் கிடைக்காது, அதனால் புகையில்லாமல் ஓட அதைவிட நன்றாகவே கூடுதலாகக் காற்று கொடுக்க வேண்டும். அந்தக் காற்றை அழுத்தி அனுப்பத்தான் டர்போ. ஆனால் டர்போ உடனே வேலை செய்யாது, சைலன்சர் பக்கம் சூடான புகை நன்றாக வந்து அடித்தால்தான் அது சுற்றி வேகம் பிடிக்கும். அதற்குள் பம்பு முழு டீசலையும் கொட்டிவிட்டால் கறுப்பாகப் புகை கக்கும். இதைத் தடுக்க டர்போ வண்டியின் பம்பு மேலே ஒரு டயாபிரம், அதாவது ரப்பர் சவ்வு, வைத்திருக்கிறார்கள். இன்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாய் அதற்கு வரும். காற்று அழுத்தம் ஏற ஏற அது டயாபிரத்தைக் கீழே தள்ளும், கூடவே கூம்பு மாதிரி ஒரு பின் இறங்கும், அந்தக் கூம்பு எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு டீசல் கூடும். ஒரே பிளஞ்சர் சுற்றிச் சுற்றி எல்லா சிலிண்டருக்கும் டீசல் அனுப்பும் ரோட்டரி பம்பு என்றால் கதை இப்படி. சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் என்று வரிசையாக இருக்கும் இன்லைன் பம்பில் அமைப்பு வேறே, ஆனால் காற்று வந்த பிறகுதான் டீசல் என்ற ஏற்பாடு அங்கேயும் உண்டு.

அந்தக் குழாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் தனியாகப் பட்டறை போட்ட புதிதில் ஆறு சிலிண்டர் டர்போ வண்டி ஒன்று வந்தது. பெங்களூர் லைன். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் பக்கம் ஏறும்போது மூன்றாவது கியரை விட்டு மாற முடியவில்லை என்றார் ஓட்டுநர். நானும் இளரத்தம், வேறு எதையும் பார்க்கவில்லை, சீலை அறுத்து ஸ்க்ரூவை முக்கால் சுற்று உள்ளே விட்டேன். ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், ஏறியது, அதை ஐடிலிங் ஸ்க்ரூவில் குறைத்துக் கொடுத்தேன். வண்டி சும்மா பறந்தது, ஓட்டுநர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து வழியில் வேறொரு மெக்கானிக் அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெடித்திருப்பதைக் கண்டுபிடித்து நல்லபடியாகப் புதுசு மாற்றியிருக்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அதுவரை காற்றழுத்தம் பம்புக்கு வந்து சேரவே இல்லை, டர்போ இருப்பதே பம்புக்குத் தெரியாது. குழாய் மாற்றியதும் டயாபிரம் தன் பங்குக்கு டீசலைக் கூட்ட, நான் திருகி வைத்த முக்கால் சுற்றும் அதோடு சேர்ந்துகொண்டது. அடுத்த ஏற்றத்திலேயே இரண்டு பிஸ்டன் உருகி, வண்டி லாரியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்து என் பட்டறை வாசலில் நின்றது. செலவில் பாதியை நான் கொடுத்தேன். வெடித்த அந்தக் குழாயின் துண்டு, ஒரு விரல் நீளம் இருக்கும், இன்னும் என் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

பெட்ரோல் இன்ஜினில் கணக்குக்கு மேல் பெட்ரோல் கூடினால் சூடு குறையும். டீசலில் தலைகீழ், டீசல் கூடக் கூட சூடு ஏறும். டர்போவுக்கு முன்னால் புகையின் சூடு எழுநூறு டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் அலுமினியப் பிஸ்டனுக்கு ஆபத்து. நம் வண்டிகளில் அதைக் காட்ட மீட்டர் கிடையாது, ஓட்டுநருக்குத் தெரிய வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

அதனால் இப்போது என்னிடம் "இழுக்கலை" என்று வந்தால் முதலில் ஓட்டுநரின் காலடியில் கிடக்கும் கால்மிதி மேட்டைத் தூக்குகிறேன். சிரிக்காதீர்கள். புது மேட் தடியாகப் போட்டிருப்பார்கள், ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தாலும் பம்பில் இருக்கும் லீவர் கடைசி வரைக்கும் போகாது. ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு லீவர் ஸ்டாப்பரைத் தொடுகிறதா என்று பாருங்கள், காசு செலவில்லாத சோதனை. அப்புறம் ஏர் ஃபில்டர். மணலி, எண்ணூர் பக்கம் ஓடும் வண்டிக்கு, அங்கே பறக்கிற சாம்பலுக்கும் தூசிக்கும், புத்தகத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் கணக்கெல்லாம் ஒத்து வராது. அப்புறம் டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வரை இருக்கும் ஹோஸ்கள், கிளாம்ப்கள், சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தால் ஒழுகும் இடம் தெரியும். புகைக் குழாயை அடைத்து வண்டியின் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் பாதி மூடியபடி சிக்கிக்கொண்டிருக்கிறதா? இதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. அப்புறம் டீசல் ஃபில்டர், டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீடு பம்பின் சின்ன ஜல்லடை. பின் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு வண்டி இழுக்காமல் வந்த கதைகூட உண்டு, அதற்கும் பம்பைத்தான் திட்டினார்கள்.

எல்லாம் சரி, இன்னும் இழுக்கவில்லையா? அப்போது பம்பைக் கழற்றி, அதை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் பெஞ்சில் போட வேண்டும். சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் ஆறு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஒரே மட்டத்துக்கு நிரம்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் கூடவும் ஒன்றில் குறையவும் இருந்தால் ஸ்க்ரூவைத் திருகி என்ன பயன், கூட இருப்பதுதான் இன்னும் கூடும். சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில் பீய்ச்சாமல் சொட்டினாலும் அப்படித்தான். டீசல் பீய்ச்சும் நேரமான டைமிங்கையும் காதில் கேட்டு வைக்கக்கூடாது, டயல் கேஜ் போட்டுத்தான் வைக்க வேண்டும். பின்தங்கினால் வெள்ளைப் புகை, முந்தினால் டொக் டொக்.

இதற்கெல்லாம் பிறகும் ஸ்க்ரூவைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், பழைய இடத்தில் பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டு, கால் சுற்றுக்குக் குறைவாகத் திருப்பி, லோடு ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள். ரோட்டரி பம்பில் அளவுக்கு மீறி உள்ளே விட்டால் ஆக்சிலேட்டரை விட்டபிறகும் இன்ஜின் வேகம் இறங்காது. ஒருமுறை அப்படிச் சத்தம் கேட்டவன் மறக்க மாட்டான்.

2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில், அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில், திருக ஸ்க்ரூவே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர், சென்சார். அதிலும் டீசல் அளவைக் கூட்டும் எலக்ட்ரானிக் பெட்டி மாட்டி ஏற்றித் தருகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், திருப்புளிக்குப் பதில் லேப்டாப், அவ்வளவுதான், காற்று எங்கே என்ற கேள்வி அங்கேயும் அப்படியே இருக்கிறது.

சரி, நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். திருவொற்றியூரில் ஒரு வண்டி நிற்கிறதாம், வெள்ளைப் புகை, பம்பு போச்சு என்று ஓட்டுநரே முடிவு பண்ணிவிட்டார். தம்பி, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால், நான் வருவதற்குள் ஃபில்டர் அடியில் இருக்கும் மூடியைத் தளர்த்தி, தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள்.